ஆறு மா நிலத்துக்குப் போதுமான உடம்பு

கீழத்தெரு,
குத்தாலம் வழி, தஞ்சாவூர் ஜில்லா.
12-11-72, ஞாயிறு

அன்பு மகன் இளையபெருமாளுக்கு உன் அப்பா மருதையன் எழுதுவது. நானும் உன் அம்மா அம்சமும் இங்கே சுகமாக இருக்கிறோம், நீயும் முகாமில் உன்னோடு இருக்கிறவர்களும் அப்படியே இருக்க வேண்டும். எப்போதும் முதல் வரியில் சுகம் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குத் தாண்டிவிடுவேன், இந்தத் தடவை தாண்ட மாட்டேன். சுகம் என்றால் என்ன என்று பத்து மாதமாக இந்த உடம்பிடம் அடி வாங்கித் தெரிந்துகொண்டிருக்கிறேன், அதைத்தான் எழுதப்போகிறேன். கடிதம் நீளும், அவசரமாகப் படிக்காதே, பரேடு எல்லாம் முடித்துவிட்டு உட்கார்ந்து படி.

உன் தங்கை ரெங்கம்மாள் தீபாவளிக்கு ஒரத்தநாட்டிலிருந்து மாப்பிள்ளையோடு வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போனாள். அவர்கள் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது, அந்தக் கன்றைப் பற்றியே நாலு நாளும் பேசினாள், பெற்ற பிள்ளையைப் பற்றிக்கூட அவ்வளவு பேசவில்லை. இங்கே மழை விட்டு விட்டுப் பெய்கிறது, நாம் நட்ட சம்பா வேர் பிடித்துப் பச்சை கட்டிவிட்டது. கட்சி இரண்டாகப் பிரிந்தது உனக்கும் பேப்பரில் தெரிந்திருக்கும், நம் ஊர் டீக்கடை பெஞ்சும் அதோடு இரண்டாகிவிட்டது, அண்ணன் தம்பிகளே ஒருத்தர் உட்கார்ந்த பெஞ்சில் ஒருத்தர் உட்காருவதில்லை. நான் நின்றுகொண்டே டீ குடித்துவிட்டு வந்துவிடுகிறேன், நிற்பதற்கு எனக்கு இப்போது காலில் தெம்பு இருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். சித்திரை மாதம் நீ மேலத்தெருப் பண்ணைக்கு எழுதிய கடிதம் என் காதுக்கு வந்துவிட்டது. யாரோ சொல்லிக் கேள்விப்பட்டதில்லை, நம் வயல் வரப்பில் என்னை நிறுத்தி வைத்துக்கொண்டு, தாசில்தார் முன்னால், நடவு ஆட்கள் அத்தனை பேரும் கேட்க, முதல் வரியிலிருந்து கையெழுத்து வரை படித்தார்கள். என் தகப்பனார் மருதையன் உடல் தகுதி இழந்துவிட்டார், இனி வயலில் இறங்கிப் பாடுபட அவரால் ஆகாது, ஆகையால் ஐயா அவர்கள் ஆறு மா நிலத்தையும் திரும்ப எடுத்துக்கொண்டு நாங்கள் குடியிருக்கும் மனையை மட்டும் எங்களுக்கு விட்டுவிட வேண்டும் என்று எழுதியிருந்தாய். எனக்கு ஒரு வார்த்தை எழுதவில்லை, உன் அம்மாவுக்கும் எழுதவில்லை. எனக்குக் கோபம் இல்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், எழுத வரவில்லை. கோபம் இருக்கிறது. இருந்தாலும் நீ கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை என்பதும் தெரியும், அதனால்தான் இத்தனை பக்கம் செலவழிக்கிறேன்.

மாசியில் நீ லீவில் வந்து ஆறு நாள் இருந்தாய். அப்போது நான் எப்படிக் கிடந்தேன் என்று நினைத்துப் பார். தை அறுப்பில் களத்தில் கட்டு ஏற்றிய வண்டி மேலிருந்து விழுந்து வலது தொடை எலும்பு முறிந்து, மூங்கில் தப்பை வைத்துக் கட்டி, கயிற்றுக் கட்டிலில் மல்லாந்து கிடந்தேன். நீ பார்த்த அப்பா அந்த அப்பாதான், அதே படத்தை மனதில் வைத்துக்கொண்டு போய்விட்டாய். ராணுவத்தில் ஆள் எடுக்கிற இடத்தில் உடம்பைப் பார்த்துத் தேறுவான், தேறமாட்டான் என்று சொல்கிற வேலை உனக்கு. ஒரு மைலை ஏழு நிமிஷத்தில் ஓட வேண்டும், கயிற்றில் ஏற வேண்டும், இத்தனை தண்டால் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அன்பிட் என்று முத்திரை குத்தி ஊருக்கு அனுப்பிவிடுவோம் என்று முன்பு பெருமையாக எழுதியிருந்தாய். அதே முத்திரையை என் மேலும் குத்திவிட்டாய். உங்கள் இடத்துக்கு அந்தக் கணக்கு சரியாக இருக்கலாம், எனக்கு எதிரியைத் துரத்திக்கொண்டு மைல் கணக்கில் ஓடுகிற வேலை இல்லையே அப்பா.

சித்திரையில் தப்பையை அவிழ்த்தார்கள். எலும்பு கூடிவிட்டது, கால் அரை விரல் குட்டை, அது போகட்டும், இடுப்பும் முழங்காலும் மரக்கட்டையாகிவிட்டது. மறுநாள் காலையில் தடியை ஊன்றிக்கொண்டு கொல்லைக்குப் போனேன். போன பிறகுதான் தெரிந்தது எனக்குக் குந்த முடியவில்லை என்று. கால் மடங்க மாட்டேன் என்கிறது. உன் அம்மாவைக் கூப்பிட வேண்டியதாகிவிட்டது, அவள் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். ஐம்பத்து மூன்று வயதில், பண்ணையில் ஆளாக இருந்த காலத்திலிருந்து யாருக்கும் கைகட்டாமல் வாழ வேண்டும் என்று பாடுபட்டவன், கொல்லைக்குப் போக ஒரு ஆள் வேண்டும் என்று ஆகிவிட்டது. அன்றைக்கு அழுதேன். எழுத வெட்கம் இல்லை, நீயும் ஒரு நாள் படுத்துப் பார், மைல் ஓடுவது ஞாபகத்துக்கு வராது, கொல்லைக்குத் தனியாகப் போனதுதான் ஞாபகத்துக்கு வரும்.

அன்றைக்கே முடிவு செய்தேன். நம் ஊர் விவசாயச் சங்கத்து அமிர்தலிங்கம் அண்ணன் வீட்டில் சுவர் வைத்ததில் மிச்சமான செங்கல் ஒன்பது வாங்கிவந்து மாட்டுக்கொட்டகையில் அடுக்கினேன். அதன் மேல் உட்கார்ந்து கையை எங்கும் ஊன்றாமல் எழுந்திருக்க வேண்டும், இருபது தடவை எழுந்துவிட்டால் ஒரு கல்லை எடுத்துவிட வேண்டும், இதுதான் நான் வைத்துக்கொண்ட சட்டம். ஒன்பதிலிருந்து எட்டுக்கு வர பதினொரு நாள் ஆயிற்று. மாடு என்னைப் பார்த்துக்கொண்டே அசை போடும், இந்த மனிதனுக்கு என்ன ஆயிற்று என்று அது நினைத்திருக்கும். உன் அம்மா சாணி அள்ள வரும்போதெல்லாம் எண்ணுவாள், நான் பதினெட்டை இருபது என்று சொன்னால் விடமாட்டாள், இன்னும் ரெண்டு பாக்கி, எந்திரிங்க என்பாள். ஆடிப் பெருக்கு அன்றைக்குக் கடைசிக் கல்லையும் எடுத்துவிட்டுத் தரையில் குந்தினேன். எழுந்தும் விட்டேன். உன் அம்மா உள்ளே போய் அரிசியில் வெல்லம் கலந்து கொண்டுவந்து வாயில் போட்டாள்.

இந்த இடத்தில் நான் செய்த முட்டாள்தனத்தையும் சொல்லிவிட வேண்டும். குத்தகைக்காரன் பெயரைப் பதிவேட்டில் ஏற்றுகிற சட்டம் வந்து மூன்று வருஷம் ஆகிறது, நாம் இருபது வருஷமாகச் சாகுபடி செய்தும் நம்மிடம் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது, எல்லாம் வாய்ப்பேச்சு. நான் கட்டிலில் கிடந்தபோதே அமிர்தலிங்கம் அண்ணன் எனக்காக மனு போட்டுவிட்டார். அதற்குப் பண்ணை ஆட்சேபணை கொடுத்தது. சட்டத்தில் குத்தகைதாரன் என்றால் தன் உடல் உழைப்பைப் போட்டுப் பயிர் செய்கிறவன் என்று இருக்கிறதாம், மருதையன் முடவனாகிவிட்டான், பிள்ளை ராணுவத்தில் இருக்கிறான், கூலி ஆளை விட்டுச் செய்கிறவன் குத்தகைதாரன் ஆகமாட்டான் என்று எழுதியிருந்தார்கள். அமிர்தலிங்கம் அண்ணன் அந்தச் சட்டத்தை முழுதும்தான் படித்துச் சொன்னார், என் காது உடல் உழைப்பு என்ற இடத்தோடு அடைத்துக்கொண்டது. எல்லாம் என் ஒரு காலில்தான் நிற்கிறது என்று நினைத்துவிட்டேன். அந்தச் சமயம் பார்த்துப் பண்ணையின் காரியக்காரர் தியாகராசன் டீக்கடையில் நாலு பேர் நடுவில், மருதையன் ஒரு நெல் மூட்டையத் தூக்கிக் காட்டட்டும், நானே அவன் பேரை எழுதிக் குடுக்கச் சொல்றேன் என்று சொல்லியிருக்கிறார். எனக்கு அது பொறுக்கவில்லை. ஆடிக் கடைசி வெள்ளியன்று மில் வாசலில் ஒரு மூட்டையைத் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டு பத்தடி நடந்தேன். கை தட்டினார்கள், விசில் அடித்தார்கள். தியாகராசன் பேரையும் எழுதிக் கொடுக்கவில்லை, வாயையும் திறக்கவில்லை. மறுநாள் காலையில் பாயில் புரள முடியவில்லை.

பன்னிரண்டு நாள் திரும்பவும் படுக்கை. உன் அம்மாவின் வாயைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வருஷத்துல எத்தன நாள் நீங்க மூட்டை தூக்குறீங்க, அது வண்டிக்காரன் தூக்குறது, கொல்லைக்கு எத்தன நாள் போறீங்க, அதச் சொல்லுங்க என்று கேட்டாள். பிறகு படுத்தபடியே யோசித்தேன், அவள் சொல்வதில்தான் எல்லாம் இருக்கிறது. காலையில் பாயிலிருந்து ஒரு ஆள் கை கொடுக்காமல் எழுந்திருக்க வேண்டும். குந்த வேண்டும். ஒரு குடம் தண்ணீர் தூக்க வேண்டும். வாய்க்காலில் போட்டிருக்கிற ஒற்றைப் பனைமரத்தைத் தாண்டி வயலுக்குப் போக வேண்டும், சேற்றில் ஒரு காலை எடுத்து மறு காலை வைக்க வேண்டும், மடையைத் திறக்கக் குனிந்தால் குனிந்த இடத்திலேயே நின்றுவிடாமல் நிமிர வேண்டும், வீட்டுக்கு வந்து பேரப்பிள்ளை தூக்கச் சொன்னால் தூக்க வேண்டும். இவ்வளவும் செய்துவிட்டுச் சாயங்காலம் உன் அம்மாவிடம் எரிந்து விழாத அளவுக்கு மிச்சம் தெம்பு இருந்தால் அவன் சுகமாக இருக்கிறான் என்று அர்த்தம். இதில் மூட்டையும் இல்லை, மைலும் இல்லை.

ஆவணியில் எழுந்ததும் மறுபடி தொடங்கினேன், இந்தத் தடவை யாருக்கும் காட்டுவதற்காக இல்லை. கொல்லையில் விழுந்து கிடந்த தென்னைமரத்தின் மேல் தடியில்லாமல் நடந்து பழகினேன். முதலில் நாலு எட்டு வைத்தால் விழுவேன், கீழே புல்தான், ஒன்றும் ஆகாது, விழுந்தால் எப்படி எழுந்திருப்பது என்பதும் ஒரு பாடமாக ஆயிற்று. குடத்தில் கால் பங்கு தண்ணீரோடு ஆரம்பித்து அரைக் குடம், முக்கால் குடம் என்று ஏற்றினேன். நான் குடம் தூக்கிக்கொண்டு தெருவில் போவதைப் பார்த்துப் பொம்பளைகள் சிரித்தார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும், வீட்டுக்குத் தண்ணீர் வந்தது. கால் நோகிற நாளில் குறைத்துச் செய்வேன், செய்யாமல் ஒரு நாளும் விடமாட்டேன். புரட்டாசியில் பனைமரத்தைத் தாண்டி நம் வயலுக்குப் போனேன். எட்டு மாதம் கழித்து அந்தச் சேற்றில் காலை வைத்தபோது உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது, கத்த வேண்டும் போல இருந்தது, கத்தவும் செய்தேன். பக்கத்து வயலில் நின்ற காத்தான் பாம்பு என்று நினைத்து ஓடிவந்தான்.

காத்தான் என்றதும் இன்னொன்று. நான் படுத்திருந்த நாளில் நிலம் சும்மா கிடக்கவில்லை. காத்தான் தன் மாட்டை ஓட்டிவந்து நமக்கு உழுது கொடுத்தான், அதற்குப் பதிலாக உன் அம்மா அவன் வயலில் போய் நட்டுக் கொடுத்தாள். எரு சுமந்தது அவள். ஆனியில் தண்ணீர் வந்ததும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வரப்பு வெட்டி அண்டை கட்டியதும் அவள். பொம்பளை மண்வெட்டி பிடித்து வரப்பு வெட்டுவதா என்று தெருவே பேசியது. எனக்கும் அது உள்ளுக்குள் குத்தியது, மறைக்க மாட்டேன். அதனாலேயே விசாரணையில் என்ன கேட்டாலும் வரப்பு வெட்டியது நான்தான் என்று சொல்லிவிடுவது என்று மனதில் முடிச்சுப் போட்டு வைத்திருந்தேன்.

ஐப்பசி ஏழாம் தேதி திங்கட்கிழமை தாசில்தார் வந்தார். நமக்கு அன்றைக்கு நடவு, நாள் பார்த்து வைத்ததில்லை, நாற்று முற்றிவிட்டது, இனித் தாங்காது. ஜீப் ரோட்டில் நின்றுவிட்டது. தாசில்தார், அவரோடு ஒரு குமாஸ்தா, கர்ணம், தியாகராசன், இந்தப் பக்கம் அமிர்தலிங்கம் அண்ணன், எல்லாரும் வாய்க்கால் கரைக்கு வந்தார்கள். தாசில்தார் கனத்த உடம்புக்காரர், நல்ல மனிதர், பூட்ஸைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பனைமரத்தையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்தார். நான் அந்தப் பக்கத்திலிருந்து தாண்டிவந்து, என் கையைப் பிடிச்சுக்கிட்டு வாங்க ஐயா, கீழ பாக்காதீங்க, என் முதுகப் பாத்துக்கிட்டே வாங்க என்று சொன்னேன். பின்னால் ஒரு கையைக் கொடுத்துக்கொண்டு அவரைத் தாண்ட வைத்தேன். நடுவில் ஒரு தடவை அவர் ஆடினார், நான் ஆடவில்லை. தியாகராசன் குடையோடு அரை மைல் சுற்றிக்கொண்டு மதகு வழியாக வந்து சேர்ந்தார், பண்ணையின் நிலத்தைத் தினம் பார்வையிடுகிறவர் என்று ஆட்சேபணையில் எழுதியிருந்தது. நடவுப் பெண்கள் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு இருக்கிறதே.

தாசில்தார் மூச்சு வாங்கி முடித்ததும் தியாகராசன் பையிலிருந்து உன் கடிதத்தை எடுத்துக் கொடுத்தார். குமாஸ்தா படித்தார். குந்தவும் எழவும் தாண்டவும் சுமக்கவும் பழகியிருந்தேன், அந்தக் காகிதத்துக்கு மட்டும் பழகியிருக்கவில்லை. நடவு நின்றுவிட்டது, பெண்கள் எல்லாரும் நிமிர்ந்து என்னையே பார்க்கிறார்கள். தாசில்தார், இது உம்ம மகன் கையெழுத்துதானா, நல்லாப் பாத்துச் சொல்லும் என்று கேட்டார். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தக் கடிதம் அங்கேயே செத்திருக்கும், அமிர்தலிங்கம் அண்ணன்கூடக் கண்ணைக் காட்டினார். எனக்கு மனசு வரவில்லை. நீ எழுதியதை நீ எழுதவில்லை என்று உன்னைப் பெற்றவன் எப்படிச் சொல்வது. ஆமாங்க ஐயா, எம் மவன் எழுத்துதான் என்றேன்.

அதற்குப் பிறகு சேற்றில் நின்ற உன் அம்மாதான் கையில் நாற்றோடு கரையேறி வந்தாள். ஐயா, அந்தக் கடுதாசி சித்திரையில எழுதுனது, இப்ப ஐப்பசி, அவன் வந்து பாத்தப்ப இவரு கட்டில்ல கெடந்தாரு, அவன் கண்ணால கண்டத எழுதியிருக்கான், இப்ப நீங்க கண்ணால காணுறத எழுதுங்க என்று சொல்லிவிட்டு, திரும்பி நாற்றங்காலைப் பார்த்து, நாத்து முடி தீந்து போச்சு, ஆளுங்க நிக்குது என்றாள். அது எனக்குச் சொன்னது. நான் நாற்றங்காலில் இறங்கிக் குந்தினேன். தண்ணீர் இடுப்புவரை நனைக்க, நாற்றைப் பறித்து, வேரைத் தண்ணீரில் அலசி, முடி கட்டி வரப்பில் போட்டேன். பத்து முடி ஆனதும் தாசில்தார், போதும் மருதையன், பாத்துட்டேன், எந்திரிச்சு வாரும் என்றார். பத்து முடி எத்தனை பேருக்குக் காணும், நீங்க எழுதுங்க ஐயா, நான் பறிச்சிக்கிட்டே பதில் சொல்றேன் என்று சொன்னேன். திமிர் என்று நினைத்துவிடுவாரோ என்று பயம்தான், ஆனாலும் அன்றைக்கு அவருக்கு வேலை செய்து காட்ட நான் இறங்கவில்லை, நடவு நின்றுவிடக் கூடாது என்றுதான் இறங்கினேன். அவர் குடைக்குள் நின்று கேட்க நான் சேற்றிலிருந்து சொல்ல, அப்படியே விசாரணை நடந்தது.

தையிலிருந்து ஆடி வரை இந்த நிலத்தில் பாடுபட்டது யார் என்று கேட்டார். முடிச்சுப் போட்டு வைத்திருந்த பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நான் வாயைத் திறப்பதற்குள் உன் அம்மா, நாந்தான், வரப்பு வெட்டுனது, எருவு சொமந்தது எல்லாம் நாந்தான், காத்தான் உழுதாரு, அதுக்கு நான் அவருக்கு நட்டுக் குடுத்தேன் என்று பட்டென்று சொல்லிவிட்டாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். தாசில்தார் பேனாவை மூடவில்லை. குடும்பத்தார் போடும் உழைப்பும் சாகுபடிதாரர் உழைப்புதான், சட்டத்துலயே இருக்கே, ஏன் ஒளிக்கணும் என்று சொல்லிவிட்டு எழுதிக்கொண்டே போனார். ஆறு மாதம் மாட்டுக்கொட்டகையிலும் கொல்லையிலும் நான் ஒருத்தனாக இந்த நிலத்தைத் தூக்கிப் பிடிக்கப் பார்த்தேன், அத்தனை நாளும் அதை வயலில் பிடித்துக்கொண்டு நின்றது உன் அம்மாவின் உடம்பு. அவளுக்கு ஐம்பது வயது, இடுப்பில் வலி, கையெல்லாம் காய்ப்பு, அவளைப் பார்த்துத் தகுதி உண்டா என்று நீயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

போன வியாழக்கிழமை உத்தரவு வந்துவிட்டது. ஆட்சேபணை தள்ளுபடி, ஆறு மாவும் மருதையன் பெயரில் குத்தகைப் பதிவு. அமிர்தலிங்கம் அண்ணன் இரண்டு தடவை படித்துக் காட்டினார். மனையைப் பற்றி நீ கெஞ்சியிருந்தாயே, குடியிருக்கிறவனுக்கே மனை சொந்தம் என்று போன வருஷமே சட்டம் வந்துவிட்டது, நம் கையில் இருக்கிறதையே நம்மிடம் விட்டுவிடச் சொல்லி நிலத்தைக் கொடுக்கப் பார்த்திருக்கிறாய். தூரத்தில் இருந்துகொண்டு நல்லது செய்ய நினைத்தால் முதலில் எங்களைக் கேள். நீ இருக்கிற இடத்துக்கு வந்துவிடுங்கள், உட்கார்ந்து சாப்பிடுங்கள் என்று எழுதுகிறாய். உட்கார்ந்து சாப்பிட்டால் இந்தக் கால் மறுபடியும் கட்டையாகிவிடும். பாக்கி எல்லாவற்றுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், நாங்கள் வரப்போவதில்லை.

இப்போது நீ செய்ய வேண்டியதைக் கேள். பண்ணை சும்மா இருக்காது, அப்பீல் போகிறார்கள் என்று பேச்சு, தை அறுப்பு சமயத்தில் மேலே இருந்து ஒரு அதிகாரி வந்து பார்ப்பார் என்கிறார்கள். அன்றைக்கு விசாரணை முடிகிற நேரத்தில் தாசில்தார் கடைசியாக ஒன்று கேட்டார். குடும்பத்தில் நிலத்தில் உழைக்கிறவர்கள் யார் யார் என்று ஒரு இடம் இருந்தது, மனைவி அம்சம் என்று எழுதிக்கொண்டு, மகன் என்று கேட்டு நிறுத்தினார். உன் கடிதம் அவர் கையிலேயே இருந்தது. தியாகராசன் என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறார், உன் அம்மா வாய் திறக்கவில்லை. நான் நாற்றை அலசிக்கொண்டே, எழுதுங்க ஐயா, இளையபெருமாள், லீவுல வந்து அறுப்பு அறுப்பான் என்று சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். அந்தக் காகிதம் முழுவதிலும் பொய் அது ஒன்றுதான், நீ எட்டு வருஷமாக அரிவாள் தொடவில்லை என்பது எனக்குத் தெரியாதா. அதை உண்மையாக்குவது உன் கையில் இருக்கிறது, தை முதல் வாரத்துக்கு லீவு எழுதிப் போடு. ஒரு மைல் ஓடுகிற கால் இருந்தால் போதாது, விடியலில் குனிந்தால் உச்சி வரை நிமிராத இடுப்பு வேண்டும், இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, இன்றைக்கே குனிந்து பழகு. முதல் நாள் கை கொப்புளிக்கும், அதற்கு அம்மா பார்த்துக்கொள்வாள்.

உடம்பும் மனசும் திடமாக, ஒரு குறையும் இல்லாமல் நீ நல்லபடி இருக்க வேண்டும், உன்னிடம் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளையும் கொஞ்சம் பார்த்து நடத்து, தேறாதவன் என்று திருப்பி அனுப்புகிறவனுக்கும் ஊரில் ஒரு வயல் காத்திருக்கும். பனி நேரத்தில் காதை மூடிக்கொள். உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் படிக்கச் சொல்லிக் கேட்டாள், உன் மேல் அவளுக்கு ஒரு துளிக் கோபமும் இல்லையாம், என்னைத்தான் ரொம்பக் கடுமையாக எழுதிவிட்டீர்கள் என்கிறாள். ஆனால் ஒன்று மறக்காமல் எழுதச் சொன்னாள். இனிமேல் எங்கள் உடம்பைப் பற்றி என்ன எழுதுவதானாலும் எங்கள் விலாசத்துக்கு எழுது என்கிறாள்.

ஆசீர்வாதத்துடன் உன் அப்பா,
மருதையன்
(அம்மா அம்சம் கைநாட்டு)